புத்தூரிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ச் சந்தியால் பின்னேரத்தில் ஒரு வான் கூரையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு தெற்கு நோக்கிப் போனால், யாரோ வெளிநாட்டுக்குப் பயணம். பெட்டிக்குள் மிளகாய்த்தூளும் ஒடியலும் பருத்தித்துறை வடையும் இருக்கும். வழியனுப்ப வந்தவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "எத்தினை மணித்தியாலப் பயணம்?"

பயணச்சீட்டில் இருப்பது வானத்துக் கணக்கு மட்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோவுக்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். உலகம் உருண்டை என்பதால், அந்த மிகக் குறுகிய பாதை ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ஏறி இறங்குகிறது. நேரடி விமானம் இல்லை. டுபாயில் மாறிப் போனால் தூரம் சுமார் 14,370 கிலோமீற்றர். சுற்று 400 கிலோமீற்றர்கூட இல்லை. பறக்கும் நேரம் ஏறத்தாழ 19 மணித்தியாலம். மாறுவதற்குக் காத்திருக்கும் நேரம் வேறு.

வானத்தில் சுற்று இவ்வளவுதான். தரையில்? வடக்கே பறக்க வேண்டியவர் முதலில் ஏறத்தாழ 370 கிலோமீற்றர் தெற்கே போகிறார். ஏழெட்டு மணித்தியால வீதிப் பயணம், விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்பது எல்லாம் சேர்த்தால், வீட்டுப் படலையிலிருந்து பிள்ளையின் வாசல்வரை ஒன்றரை நாள். எழுபது வயதுத் தாய்க்குக் கால் வீங்குவதும் களைத்துப் போவதும் விமானத்தில் ஏறமுன்னரே தொடங்கிவிடுகின்றன.

இத்தனைக்கும் பலாலி விமான நிலையம் புத்தூரிலிருந்து நேர்க்கோட்டில் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த அந்தத் தளம், 2019 ஒக்ரோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச்சில் திருச்சியும் சேர்ந்தது. சென்னை சுமார் 355 கிலோமீற்றர், திருச்சி 185 கிலோமீற்றர்தான்.

ஆனால் பலாலியின் ஓடுபாதை 1,400 மீற்றர். ஏடிஆர் போன்ற சிறிய விமானத்துக்கு அது போதும். நிறைந்த பயணிகளோடு பெரிய ஜெட் வந்து போகப் போதாது. கட்டுநாயக்காவின் ஓடுபாதை 3,350 மீற்றர்.

இப்போதைக்குச் சென்னை வழியாகப் போக நினைப்பவர்கள், முழுப் பயணத்தையும் ஒரே பயணச்சீட்டில் எடுக்க முடியுமா, பொதிகள் கடைசிவரை போகுமா, இந்திய விசா வேண்டுமா என்று முதலில் கேட்டுத் தெளியுங்கள். தனித்தனிச் சீட்டென்றால், ஒரு விமானம் பிந்தினாலும் அடுத்ததைத் தவறவிட்ட நட்டம் உங்கள் தலையில்தான்.

பலாலி ஓடுபாதை நீள வேண்டும். அதற்கு எடுக்கும் ஒவ்வொரு பரப்புக் காணிக்கும், பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் போரால் இடம்பெயர்ந்த உரிமையாளர்களின் சம்மதமும் நியாயமான ஈடும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே அரசு செய்து முடிக்கட்டும்.