ஓவியம் விற்கும் இணையச் சந்தை: கடை திறக்க முன் கணக்குப் பாருங்கள்

கொழும்பு விகாரமகாதேவி பூங்காவை அண்டிய ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் வருடந்தோறும் 'கலாபொல' எனும் திறந்தவெளி ஓவியச் சந்தை கூடுவதைப் பலரும் அறிவர். ஜோர்ஜ் கீற் மன்றத்தினால் 1993இல் ஆரம்பிக்கப்பட்ட இச்சந்தையில் தூர இடங்களிலிருந்து வரும் ஓவியர்களும் தமது படைப்புகளை வாங்குவோரிடம் நேரடியாக விற்கின்றனர். ஆனால் சந்தை கலைந்த பின் வருடத்தின் மீதி நாட்களில் அவர்களுக்கு வாடிக்கையாளர் எங்கே? அந்த வெற்றிடத்தை நிரப்பக்கூடியவை இணையச் சந்தைகள்.

இது ஓவியர்களுக்கு மட்டும் உரிய விடயமல்ல. அச்சகம், பிரேம் கடை, ஸ்டூடியோ, அன்பளிப்புப் பொருட் கடை நடத்தும் எமது வர்த்தகர்களுக்கும் இதில் இடமுண்டு. படைப்பு ஓவியருடையது, அச்சு, பொதி, கணக்கு, அனுப்புதல் ஆகியன வியாபாரியின் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் தொழில் நடக்கும்.

எந்தச் சந்தைக்கு எந்தச் சரக்கு?

இச்சந்தைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நாமே கடை திறந்து, நாமே பொருளை அனுப்பும் சந்தை. 2005இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஆரம்பமான எட்சி இதற்கு உதாரணம். அசல் ஓவியம், அச்சுப் பிரதி இரண்டையும் இங்கு விற்கலாம்.

இரண்டாவது, சாச்சி ஆர்ட் போன்ற இணைய ஓவியக்கூடங்கள். விலை கூடிய அசல் ஓவியங்களுக்கு இவை பொருத்தம். ஆனால் விற்பனை விலையில் 40 வீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வர். இவ்வளவா என்று மலைக்கத் தேவையில்லை. கட்டடத்தில் இயங்கும் ஓவியக்கூடங்கள் பலவும் இதே அளவு கழிவைக் கேட்பவைதாம்.

மூன்றாவது, ஓடர் கிடைத்த பின் அச்சிடும் சந்தைகள். 2006இல் தொடங்கிய ரெட்பபிள், ஃபைன் ஆர்ட் அமெரிக்கா ஆகியன இவ்வகையின. படத்தின் கோப்பை மட்டும் நாம் ஏற்றினால் போதும். அச்சிடுவதும் அனுப்புவதும் அவர்கள் பொறுப்பு. முதலீடும் தபால் செலவும் இல்லை. ஆனால் ஒரு பிரதியில் எமக்குக் கிடைப்பது சிறு தொகையே.

கையில் மிஞ்சுவது எவ்வளவு?

பலர் சறுக்குவது இங்கேதான். எட்சியில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்க சதம். அது நான்கு மாதங்களுக்குச் செல்லும். விற்றால் 6.5 வீதக் கட்டணம். இது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, வாங்குபவரிடம் அறவிடும் தபால் செலவுக்கும் சேர்த்துக் கணிக்கப்படும். பணத்தைப் பெற்றுத் தருவதற்கான கட்டணம் வேறு. அது நாட்டுக்கு நாடு மாறுபடும். எட்சி வெளியிடங்களில் செய்யும் விளம்பரத்தின் வழியாக வாடிக்கையாளர் வந்திருந்தால் மேலும் 15 வீதம்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஏ3 அளவு அச்சுப் பிரதி ஒன்றின் விலை 30 டொலர், தபால் 12 டொலர் எனக் கொள்வோம். வாங்குபவர் செலுத்துவது 42 டொலர். பட்டியல் கட்டணம் 0.20, விற்பனைக் கட்டணம் 2.73, பணப் பரிமாற்றத்திற்கு 5 வீதம் என வைத்தால் 2.10. மீதி 36.97. இதில் தபாலுக்கு 12, அச்சுக்கும் தாளுக்கும் 6, பொதிக்கு 2, ஓவியருக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்காக 6 டொலர். வியாபாரியின் கையில் நிற்பது 10.97 டொலர்.

அதே விற்பனை விளம்பரத்தினால் வந்திருந்தால் 6.30 டொலர் கழிந்து 4.67 ஆகும். அத்துடன் பெருநாள் கழிவு என்று விலையில் 20 வீதத்தையும் குறைத்திருந்தால் இறுதியில் எஞ்சுவது 1.46 டொலர் மட்டுமே! பத்துப் பொதிகளில் ஒன்று மடிந்து திரும்பி வந்தாலும் ஏனைய ஒன்பதின் இலாபமும் போய்விடும். வருட விற்பனை 10,000 டொலரை எட்டாத கடைகள் இவ்விளம்பரத் திட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அதைத் தாண்டிய கடைகளுக்குக் கட்டணம் 12 வீதமாகக் குறையும். ஆனால் விலக முடியாது. எனவே விளம்பரக் கட்டணத்தையும் சேர்த்தே விலை குறியுங்கள்.

பணம் வந்து சேரும் வழி

கடை திறக்க முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது. இலங்கையிலுள்ள பேபால் கணக்குகளால் நீண்டகாலம் பணம் அனுப்ப மட்டுமே முடிந்தது, பெற முடியவில்லை. இதனால் பலர் பேயோனியர் வழியாகப் பணத்தைப் பெற்று உள்ளூர் வங்கிக்கு மாற்றினர். ஒவ்வொரு சந்தையும் தான் ஏற்கும் நாடுகளையும் பணம் செலுத்தும் முறைகளையும் பட்டியலிட்டுள்ளது. அதைப் பார்த்து உறுதிசெய்யாமல் படமெடுக்கவோ அச்சிடவோ செலவழிக்காதீர்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் பெயரில் கடை திறந்து, பின்னர் கணக்கு முடக்கப்பட்டால் உழைப்பும் பணமும் சிக்கிக்கொள்ளும்.

உரிமை யாருடையது?

ஓவியத்தை விலைக்கு வாங்கியவர் கன்வசையும் வர்ணத்தையும்தான் வாங்குகிறார். அதைப் பிரதி செய்து விற்கும் உரிமை, எழுத்தில் மாற்றித் தரப்படாதவரை, ஓவியரிடமே இருக்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இவ்வுரிமை ஓவியரின் ஆயுட்காலத்திற்கும் அதன் பின் 70 வருடங்களுக்கும் செல்லும். 1993இல் மறைந்த ஜோர்ஜ் கீற்றின் ஓவியங்களுக்கு 2063 வரை உரிமையுண்டு. வீட்டில் அவரது ஓவியம் தொங்குகிறது என்பதற்காக அதை அச்சிட்டு விற்க முடியாது.

எனவே ஓவியருடன் ஒரு பக்க உடன்படிக்கையாவது எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் படங்கள், எத்தனை பிரதிகள், எந்தச் சந்தைகள், ஒரு பிரதிக்கு எவ்வளவு, எப்போது கணக்கு முடிப்பது என்பன அதில் இருக்கட்டும். ஐயாயிரம் ரூபாவுக்கு வாங்கிய ஒரு படத்தை ஆயிரம் பேருக்கு அச்சிட்டு விற்றுவிட்டு, வரைந்த பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காதிருப்பது நேர்மையான வியாபாரமாகாது. மேலும், இன்னொருவர் முடித்த கைவேலையை வாங்கித் தன்னுடையது போல் விற்பதை எட்சி அனுமதிப்பதில்லை. கடை ஓவியரின் பெயரிலோ, அவரையும் பங்காளியாகச் சேர்த்தோ இருப்பது பாதுகாப்பு. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கிய படமாயின் அதை விபரத்தில் குறிப்பிட வேண்டும் என்பதும் அவர்களின் விதி.

தரமும் உண்மையும்

ஏ3 அளவில் தெளிவாக அச்சிடக் கோப்பு குறைந்தது 3508க்கு 4961 பிக்சல் இருக்க வேண்டும். அமிலமற்ற தாளும் பிக்மென்ட் மையும் பயன்படுத்தினால் நிறம் நீண்டகாலம் நிற்கும். அச்சுப் பிரதியை 'அசல்' என எழுதாதீர்கள். ஐம்பது பிரதிகள் மட்டும் என இலக்கமிட்டு விற்றால் ஐம்பத்தோராவதை அச்சிடக் கூடாது. அந்த வாக்குறுதிக்காகத்தான் வாங்குபவர் கூடிய விலை தருகிறார்.

அரபு எழுத்தணிக் கலைக்கு மேலை நாடுகளில் வாழும் முஸ்லிம் குடும்பங்களிடம் நல்ல கிராக்கியுண்டு. ஆனால் ஒரு புள்ளி தவறினாலும் பொருள் மாறிவிடும். அச்சுக்குக் கொடுக்க முன் அரபு நன்கறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ரமழான் வருடந்தோறும் சுமார் பதினொரு நாட்கள் முந்தி வருவதால், கடந்த வருடத் திகதியை நம்பாமல் இரண்டு மாதங்களுக்கு முன்பே பட்டியலிடுவது நல்லது.

பொதியும் சுங்கமும்

தாள் பிரதிகளைத் தடித்த அட்டைக் குழாயில் அனுப்பலாம். கன்வசைச் சுருட்டும்போது வர்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் வர்ணம் நசுங்கி வெடிக்கும். எமது நாட்டின் ஈரப்பதனுக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் வையுங்கள். எப்போதும் கண்காணிப்பு இலக்கத்துடனேயே அனுப்புங்கள்.

சுங்கப் படிவத்தில் வெறுமனே 'படம்' என்று எழுதுவது போதாது. கையால் வரைந்த ஓவியம் 9701 என்ற தலைப்பிலும், சாதாரண அச்சுப் படம் 4911 என்ற தலைப்பிலும் வரும். முன்னர் சிறு பொதிகள் வரியின்றிச் சென்றன. பிரித்தானியா 2021 ஜனவரியிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும் இறக்குமதி வற் வரிச் சலுகையை நீக்கின. அமெரிக்கா 800 டொலர் வரையான பொதிகளுக்கு வழங்கிய சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. ஆகவே வரி இருக்குமா, யார் செலுத்துவது என்பதைத் தபாலகத்திலோ கூரியர் நிறுவனத்திலோ முன்கூட்டியே விசாரித்து, வாங்குபவருக்கும் தெரிவித்துவிடுங்கள். வாசலில் வைத்து வரி கேட்கப்பட்டால் பொதி திரும்பி வரும். அச்செலவும் உங்கள் தலையிலேயே விழும்.

நூறு படங்களுடன் ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஓர் ஓவியர், பத்துப் படங்கள், ஒரு சந்தை என ஆறு மாதங்கள் நடத்திப் பாருங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்து, மாத முடிவில் ஓவியருடன் அமர்ந்து கணக்கை முடியுங்கள். எந்தப் படம் விலைபோகிறது, எந்த நாட்டுக்கு அனுப்பினால் இலாபம் மிஞ்சுகிறது என்பதை அந்தக் கணக்கே காட்டித்தரும்.