பழைய டீஸல் பிக்கப் வண்டி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மாடு பிடிக்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், ஏரில் பூட்டி நடத்தியும் பார்க்கிறார். வாழைத்தாரும் உரமூட்டையும் ஏற்றப் பழைய டீஸல் பிக்கப் வண்டி வாங்கப் புகுந்தாலோ, அவரே புதுப் பெயிண்டின் பளபளப்பைக் கண்டு அச்சாரம் கொடுத்துவிடுகிறார்.

இஞ்சின் ஆறியிருக்கும் அதிகாலையில் வண்டியைப் பார்ப்பதே உத்தமம். விற்பவர் முன்னரே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். டீஸல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்குவதால் உண்டாகும் உஷ்ணத்தினாலேயே டீஸல் பற்றுகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருப்பின் நெருக்கம் குறைந்து, ஆறிய இஞ்சின் கிளம்பச் சிரமப்பட்டு வெண்புகை தள்ளும். சூடேறியதும் இக்குறை பெரும்பாலும் மறைந்துவிடும். நீலப்புகை தொடருமாயின் மசகெண்ணெய் எரிகிறதென்று அறிக. கரும்புகைக்குக் காற்று வடிகட்டி அடைபட்டதோ இன்ஜெக்டர் பழுதோ காரணமாகலாம்; முன்னதாயின் செலவு அற்பமே. 2020 ஏப்ரல் முதல் பதிவான பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைக்கரி வடிகட்டி உண்டு. அவற்றில் கரும்புகை தென்பட்டால் அவ்வடிகட்டி சிதைந்ததோ, கழற்றப்பட்டதோ என்று விசாரிக்க வேண்டும்.

இஞ்சின் மெதுவாக ஓடுகையில் மசகெண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்துக. புகை விசையுடன் குபுகுபுவென்று வருமாயின், விலை எவ்வளவு மலிவாயினும் அவ்வண்டி வேண்டாம். ரேடியேட்டர் மூடியை மட்டும் இஞ்சினைக் கிளப்புமுன்னரே திறக்க வேண்டும்; சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். நீரில் எண்ணெய் மிதப்பது நல்ல அடையாளமன்று.

பின்பு வண்டியின் கீழே குனிந்து பார்க்க. சேஸிஸில் புது வெல்டிங், படிந்துபோன பின்புற வில்பட்டைகள் இரண்டும் அளவு மீறிய பாரத்திற்குச் சாட்சி. உரம் ஏற்றிய வண்டியில் தளத்தகட்டின் அடிப்புறம் துரு தின்றிருக்கும். மேலே பெயிண்ட் மூடியிருக்கும்.

சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். சான்றிதழில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இருப்பின், அது கையொப்பமிட்ட 35-ஆம் எண் படிவம் கைக்கு வருமுன் முழுத்தொகை கொடுத்தலாகாது. சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கொருமுறையும், அதன்பின் வருஷந்தோறும் பெறவேண்டும். அது முடியும் தேதியையும் பார்த்துக்கொள்க.

வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதவேண்டுமென்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். கிரயக் கடிதம் மட்டும் எழுதிக்கொண்டு போவோருக்குக் கிராம அதிகாரிகள் இதை எடுத்துரைக்கலாம். விற்றவருக்கும் இதில் அக்கறை உண்டு: பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளாயின், நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள சொந்தக்காரரையே சாருமென்று சுப்ரீம் கோர்ட்டு 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.