பிறக்காத பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம்... நெரிசல் தீர்க்கும் சாலையையே வேண்டாமென்ற வேல்ஸ்!

காலை அலுவலக நேரம். நியூபோர்ட் நகரில் உள்ள பிரின்கிளாஸ் சுரங்கப்பாதையை நெருங்கும்போதே கார்கள் ஊர்ந்து செல்லத் தொடங்கிவிடும். வேல்ஸின் உயிர்நாடியான எம்4 நெடுஞ்சாலை, இந்த இடத்தில் பக்கத்துக்கு இரண்டு தடங்களாகக் குறுகிவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்களும் சரக்கு லாரிகளும் இந்த இடுக்கில் புகுந்துதான் வெளியே வரவேண்டும்.

நகருக்குத் தெற்கே சுமார் 23 கி.மீ நீளத்துக்குப் புதிய சாலை போடலாம் என்ற பேச்சு 1990-களிலேயே எழுந்தது. செலவு, 100 கோடி பவுண்டுக்கும் மேல். பொது விசாரணை நடத்திய அதிகாரியும் 'போடலாம்' என்றே பரிந்துரைத்தார். ஆனால், 2019 ஜூன் 4-ம் தேதி, அன்றைய முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்டு சொன்ன பதில், 'வேண்டாம்!'

ஏன் இந்த முடிவு?

முதல் காரணம், பணம். ஆனால், 'பணம் இருந்திருந்தாலும் அனுமதித்திருக்க மாட்டேன்' என்பதுதான் அவரது நிலைப்பாடு. சாலை போகவிருந்த வழியில் இருந்தது, க்வென்ட் லெவல்ஸ் என்ற பழைமையான சதுப்புநிலம். சின்னச் சின்ன வாய்க்கால்கள், அரிய வகை வண்டுகள், தேனீக்கள் என அது தனி உலகம். ஒருமுறை அழிந்தால் மறுபடி உருவாக்க முடியாது.

இந்தச் சாலையை எதிர்த்தவர்களில் ஒருவர் சோஃபி ஹவ். வேல்ஸின் 'வருங்காலத் தலைமுறைகளுக்கான ஆணையர்' என்ற பதவியில் முதன்முதலாக அமர்ந்தவர். இன்னும் பிறக்காத குழந்தைகளுக்காகப் பேசுவதுதான் அவரது வேலை!

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனின் ஓர் அங்கமான வேல்ஸில் 31 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள். அதற்கெனத் தனி நாடாளுமன்றம் உண்டு. 'எப்படிப்பட்ட வேல்ஸ் வேண்டும்?' என்று மக்களிடம் கருத்து கேட்டுவிட்டு, 2015-ல் 'வருங்காலத் தலைமுறைகளின் நல்வாழ்வுச் சட்டம்' கொண்டுவரப்பட்டது. வளம், தாங்குதிறன், ஆரோக்கியம், சமத்துவம், ஒற்றுமையான ஊர்கள், உயிர்ப்புள்ள பண்பாடும் வெல்ஷ் மொழியும், உலகப் பொறுப்பு என ஏழு இலக்குகள். ஆம், தாய்மொழி தழைப்பதும் அங்கே நல்வாழ்வுக் கணக்கில் சேர்த்தி!

அரசு, உள்ளாட்சிகள், சுகாதார வாரியங்கள் எல்லாம் முடிவெடுக்கும் முன் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். நீண்டகாலத்தில் என்ன ஆகும், பிரச்னையை வருமுன் தடுக்க முடியுமா, மற்ற இலக்குகளைப் பாதிக்குமா, யாருடன் சேர்ந்து செய்யலாம், மக்களின் குரல் கேட்கப்பட்டதா?

பல் இல்லாத சட்டமா?

ஆணையர் ஆய்வு செய்யலாம், பரிந்துரைக்கலாம். எந்தத் திட்டத்தையும் நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. பரிந்துரையை ஏற்காத அமைப்பு, அதற்கான காரணத்தைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அவ்வளவுதான்.

அதுமட்டுமல்ல... நாளைய நன்மைக்கான விலையை இன்று இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. சாலைத் திட்டத்தின் முன்தயாரிப்புகளுக்கே 10 கோடி பவுண்டுக்கு மேல் கரைந்திருந்தது. தொழில்துறையினர் கொந்தளித்தார்கள். மாற்றுவழி தேட அமைக்கப்பட்ட குழு, 2020-ல் புதிய ரயில் நிலையங்களையும் கூடுதல் பஸ் வசதியையும் பரிந்துரைத்தது. ஆனால், ரயில் நிலையங்கள் ஒரே நாளில் முளைத்துவிடுமா என்ன?

2023 செப்டம்பரில், குடியிருப்புப் பகுதிச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைக்கப்பட்டது. விபத்தும் உயிரிழப்பும் குறையும் என்பது அரசின் வாதம். எதிர்த்து எழுந்த மனுவில் 4.6 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகள்! மக்களின் ஆதரவைப் பெறாமல் நல்லது செய்தாலும் எடுபடாது என்பதை அரசு அப்போது கற்றுக்கொண்டது. சில சாலைகளில் பழைய வேகத்துக்கே திரும்ப வழிவிட்டது.

மிச்சமிருக்கும் கேள்வி

பிரின்கிளாஸில் நெரிசல் தீர்ந்தபாடில்லை. சதுப்புநிலமோ அப்படியே இருக்கிறது. எது சரி என்ற விவாதம் அங்கே ஓயவும் இல்லை.

ஆனால், ஒன்று மாறியிருக்கிறது. 'எவ்வளவு செலவாகும், எத்தனை நிமிடம் மிச்சமாகும்' என்பதோடு கோப்புகளை மூடிவிட முடியாது. 'இது நம் பேரப்பிள்ளைகளை எப்படிப் பாதிக்கும்?' என்ற கேள்விக்கும் பதில் எழுதியாக வேண்டும். ஓட்டுப்போட முடியாதவர்களுக்காக அரசாங்கம் பதில் சொல்ல வேண்டியிருப்பது சின்ன விஷயமா?

உங்கள் ஊரில் அடுத்து வரவிருக்கும் திட்டத்துக்கும் இந்தக் கேள்வியைப் பொருத்திப் பாருங்களேன்!