ராடாருக்கு எட்டாத ஒன்றரை கிலோமீட்டர்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், நார்மன் நகரப் பல்கலைக்கழக வளாகத்துக் கட்டடம் ஒன்றில் தேசிய வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகம் இயங்குகிறது. டொர்னேடோ உருவாகும் சூழல் இருப்பதாக நாடு முழுமைக்கும் முன்கூட்டியே அறிவிக்கும் புயல் கணிப்பு மையமும் அதே கட்டடத்தில்தான். ஆனால், ‘இதோ வருகிறது, பதுங்குங்கள்’ என்ற எச்சரிக்கையை விடுவது நாடெங்கும் உள்ள 122 உள்ளூர் அலுவலகங்களின் பொறுப்பு. இத்தனை ராடாரும் கணினியும் இருக்கையில், கேமராவும் கையுமாகப் புயலைத் துரத்துகிறவர்களால் இந்த அலுவலகத்துக்கு என்ன பயன்? அந்தக் கண்கள் இல்லாவிட்டால் எச்சரிக்கை பாதிக் குருடு என்பேன்.

காரணம் பூமியின் வளைவு. ராடாரின் கற்றை அரை டிகிரிச் சாய்வில் புறப்பட்டாலும், 100 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் தரைக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயர்ந்துவிடுகிறது. மேகத்துக்குள் காற்று சுழல்வது திரையில் தெரியும். சுழல் தரையைத் தொட்டதா என்பது தெரியாது. சுழலும் மேகங்களில் பெரும்பாலானவை டொர்னேடோவை இறக்குவதே இல்லை என்பதால், எச்சரிக்கைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பொய்த்துப்போகின்றன. காற்றில் பறக்கும் கூரைத் துண்டுகளைக்கூட இன்றைய ராடார் இனங்காட்டுமே என்பார்கள். காட்டும்தான், கூரை பறந்த பிறகு! கண்ணால் பார்ப்பது வேறு. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரை நோக்கிப் போன டொர்னேடோவைத் தொலைக்காட்சி ஹெலிகாப்டர்கள் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தன. நார்மன் அலுவலகம் ‘டொர்னேடோ அவசரநிலை’ என்று முதன்முதலாக அறிவித்தது அன்றைக்குத்தான். அப்படியும் 36 பேர் இறந்தார்கள்.

துரத்துவோர் சாலையை அடைத்துக்கொண்டு தாமும் சாகிறார்களே என்ற குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. 2013 மே 31 அன்று அதே மாநிலத்தின் எல் ரீனோ நகருக்கு அருகே 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த டொர்னேடோ, மழைத்திரைக்குள் மறைந்தபடி திசை மாறி, ஆய்வாளர் டிம் சமாராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரையும் பலிகொண்டது. சமாராஸ் பல்லாண்டு அனுபவசாலி; ஆகவே, அனுபவம் இருந்தால் போதும் என்ற பதில் செல்லாது. ஆனால், எச்சரிக்கைக்காக அத்தனை அருகில் போகவேண்டிய அவசியமே இல்லை. வானிலைச் சேவையின் ‘ஸ்கைவார்ன்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் இலவசப் பயிற்சி பெற்று, பெரும்பாலும் சொந்த ஊரிலிருந்தே வானத்தைக் கவனிக்கிறார்கள். எங்கே நிற்கிறேன், எந்தத் திசையில் பார்க்கிறேன், சுழல் தரையைத் தொட்டதா: அலுவலகத்துக்கு வேண்டிய இந்த மூன்றையும் பல கிலோமீட்டர் தள்ளி நின்றே சொல்லிவிடலாம். கிட்டப்போய் எடுக்கும் வீடியோ யூடியூபுக்குத்தான் வேண்டும்.