சிலைக்கு வேஷம், சைக்கிளுக்குப் பதிவு எண்: ஜப்பானில் படிக்கப் போனால் என்னென்ன நடக்கும், தெரியுமா?

ஜப்பான் என்றாலே ஒழுங்கு, வரிசை, கண்டிப்பு என்றுதானே நினைக்கிறோம்? பல்கலைக்கழக வாசலைத் தாண்டியதும் கதையே வேறு!

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒரித்தா ஹிகோஇச்சி என்பவருக்குச் சிலை இருந்தது. அந்த இடத்தில் முன்பு இருந்த உயர்கல்விக் கூடத்தின் முதல் முதல்வர் அவர். மாணவர்கள் சும்மா விடுவார்களா? சிலைக்குப் பெயின்ட் அடித்தார்கள், வேஷம் கட்டினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நிர்வாகம் 1990-களில் சிலையையே தூக்கிவிட்டது. விட்டது சனியன் என்று நிம்மதியாக இருக்க முடிந்ததா? பிப்ரவரியில் நுழைவுத் தேர்வு வந்தால் போதும், காகிதக் கூழில் செய்த ஏதாவதொரு கார்ட்டூன் பாத்திரம் வளாகத்தில் முளைத்துவிடும். பீடத்தில் பெயர் மட்டும் அதே ஒரித்தா! வயிற்றில் புளியைக் கரைக்கத் தேர்வெழுத வரும் பிள்ளைகளுக்கு முதல் வரவேற்பு அதுதான். மார்ச் மாதப் பட்டமளிப்பு விழாவோ இன்னும் மோசம்: கிமோனோக்களுக்கு நடுவே மாறுவேடக்காரர்களும் பட்டம் வாங்க வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பொல்லாத நுழைவுத் தேர்வைப் பரிமாற்ற மாணவர் எழுதவே வேண்டாம், தெரியுமா? சொந்தக் கல்லூரியின் சிபாரிசு போதும். இன்னொரு விசேஷம்: இரு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருந்தால் பெரும்பாலும் கட்டணத்தை ஊரிலேயே கட்டினால் போதும். நம் பிள்ளை அங்கே, அவர்கள் பிள்ளை இங்கே, கணக்கு நேர்! 2004-இல் தொடங்கிய அகிதா சர்வதேசப் பல்கலைக்கழகம் தன் மாணவர்கள் எல்லோரையுமே ஓராண்டு வெளிநாட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அங்குள்ள நூலகத்துக்குப் பூட்டே தேவையில்லை. அகிதா தேவதாரு மரத்தில் அரைவட்டமாக எழுப்பிய அந்தக் கூடம் 24 மணி நேரமும் 365 நாளும் திறந்திருக்கிறது!

வளாகத்துக்கு வெளியே மட்டும் ஜப்பான் ஜப்பான்தான். நரிதா, ஹனேதா மாதிரி பெரிய விமான நிலையத்தில் இறங்கினால் அங்கேயே வசிப்பு அட்டை கைக்கு வந்துவிடும். குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் அரசு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் சேர்ந்தபின் மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் நம் பாடு. பகுதிநேர வேலைக்கு அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் உழைக்கலாம், ஆனால் பச்சிங்கோ சூதாட்டக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. சைக்கிளையும் விடுவதில்லை, அதற்கும் திருட்டுத் தடுப்புப் பதிவு எண் ஒட்டியாக வேண்டும்!

சரி, வயிற்றுப்பாடு? பல பல்கலைக்கழக உணவகங்களில் காலைச் சாப்பாடு வெறும் 100 யென்! சோறு, மீசோ சூப், தொட்டுக்கொள்ள ஏதாவது ஒன்று. மிச்சச் செலவைப் பெற்றோர் சங்கமோ முன்னாள் மாணவர்களோ ஏற்றுக்கொள்கிறார்கள். பிள்ளை தூங்கிவழிந்து பட்டினியாக வகுப்புக்குப் போகக்கூடாதே! (அம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒரே ஜாதிதான் போலிருக்கிறது.) கியோட்டோ வளாக உணவகத்தில் நீள மேசையின் நடுவே தடுப்பு வைத்திருப்பார்கள். எதற்கு? துணையில்லாமல் தனியாகச் சாப்பிடுகிறவர் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாமே என்று! வந்த புதிதில் யாரையும் தெரியாத வெளிநாட்டு மாணவருக்கு இதைவிடக் கரிசனம் என்ன வேண்டும்?

நண்பர்கள் கிடைத்தபின் கால் தாங்காது. வாசேதா பல்கலைக்கழகத்தில் வருடாவருடம் ஒரு நடை உண்டு. சைத்தாமா மாகாணத்து ஹோன்ஜோவிலிருந்து தோக்கியோ வளாகம் வரை இரண்டு நாள் நடக்கிறார்கள். பெயரிலேயே 100 கிலோமீட்டர் இருக்கிறது! அதையும் பலர் மாறுவேடத்தில் நடக்கிறார்கள்.

உச்சகட்டம் கின்தாய் பல்கலைக்கழகம். நீலத்துடுப்புச் சூரையை முட்டையிலிருந்தே பண்ணையில் வளர்க்க 1970-இல் ஆராய்ச்சி தொடங்கி, 32 வருடம் விடாப்பிடியாக நின்று, 2002-இல் ஜெயித்தார்கள். 2013-இல் ஓசாகாவில் சொந்தமாக உணவகமும் திறந்துவிட்டார்கள். தட்டில் வரும் மீனோடு என்ன வருகிறது, தெரியுமா? பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறியதற்கான பட்டயச் சான்றிதழ்! ஓராண்டு மாங்கு மாங்கென்று படிக்கும் பரிமாற்ற மாணவருக்கோ வெறும் மதிப்பெண் பட்டியல்தான்.