முதுகுத்தண்டு முறிந்தோரும் ஆராய்ச்சியும்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மரமேறுவோர் கால் நழுவி வீழ்வதுண்டு. முதுகெலும்பு நொறுங்கி, அதனுள்ளோடும் நரம்புத்தண்டு முற்றும் நசுங்கினால், அவ்விடத்திற்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் ஒழிகின்றன. சிறுநீரும் தன் வசத்தில் நில்லாது. வைத்தியர் உயிரைக் காப்பர். ஆனால் வீடு திரும்பியபின் சக்கர நாற்காலி திண்ணைப்படி ஏறுவதெங்ஙனம், படுக்கைப்புண் வாராது காப்பதெங்ஙனம் என்பவற்றை அவ்வாழ்வை வாழ்வோரே அறிவர். ஆகையால் ஆராய்ச்சியாளர் அவர்களையே வினவுகின்றனர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-ஆம் ஆண்டில் மோட்டார் விபத்தால் இடுப்பின்கீழ்ச் செயலிழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு ரணசிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. அவரினும் தகுதியுடைய ஆசிரியரை நாம் எங்குத் தேடுவோம்?

ஆராய்ச்சியிற் சேருவோர் யாது செய்வர்? பெரும்பாலும் வினாக்களுக்கு விடையளிப்பர். சிலர் புதிய பயிற்சியையோ கருவியையோ சோதித்துப் பார்ப்பர். நோக்கமும் நேரக்கூடிய தீங்கும் விளக்கப்பட்ட பின்னரே கையொப்பம் வாங்கவேண்டும். இடையில் விலகினும் சிகிச்சை குறையலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகள் இங்ஙனமே கூறுகின்றன. செத்த நரம்பைத் துளிர்க்கச் செய்வோமென்று பணங்கேட்பாரும் உளர். அதனை ஆராய்ச்சியென்று நாம் ஒப்புவதற்கில்லை.