நியாவோடு தண்ணீருக்கு நடப்போம்

காலையில் எழுந்ததும் முகம் கழுவுகிறோம்; தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைக்கிறோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து, யாருடைய உழைப்பால் வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. கிணறு வற்றும்வரை கிணற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

எம்மை எண்ண வைப்பவள் நியா என்ற 11 வயதுச் சிறுமி. அவள் ஒரு கதாபாத்திரம். அமெரிக்க எழுத்தாளர் லிண்டா சூ பார்க் 2010இல் வெளியிட்ட, ‘தண்ணீரை நோக்கி ஒரு நெடுநடை’ எனப் பொருள்படும் சிறுவர் நாவலில் அவள் வருகிறாள். கதை நடப்பது 2008இல், அன்றைய சூடானின் தென்பகுதியில்.

நியா காலையில் வெறும் பிளாஸ்ரிக் கலனோடு குளத்துக்கு நடக்கிறாள். நிறைத்துக்கொண்டு வீடு திரும்பிச் சாப்பிட்டதும், மறுபடியும் அதே நடை. வழியில் காலில் முள் தைக்கிறது. கோடையில் குடும்பம் ஏரியோரம் இடம்பெயர்கிறது. அங்கே களிமண்ணில் கையால் குழி தோண்டி, ஊறிவரும் கலங்கல் நீருக்காகக் காத்திருக்கிறாள். தங்கை நோயுறுகிறாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்கிறார்கள் மருத்துவ நிலையத்தில். கிடைப்பதோ பானையின் அடியை நனைக்கும் தண்ணீர். கொதிக்க வைத்தால் மிஞ்சுவது என்ன?

குடிநீர் இல்லாதோர் தொகையைக் கேட்டால் மறந்துவிடுகிறோம். நியாவின் காலில் தைத்த முள்ளை மறக்க முடிவதில்லை. அவளுடைய வயதுப் பிள்ளை இக்கதையைக் கேட்கும்போது, தானும் அவளோடு நடக்கிறது. அடுத்தமுறை வாளியை எடுக்கும்போது தண்ணீரின் பெறுமதி அதற்குத் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். ‘உங்களிலும் கஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஆகவே பேசாமல் இருங்கள்’ என்று இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புத்தி சொல்ல நாம் வரவில்லை. காணியையும் வயலையும் கிணற்றையும் விட்டு வந்தவர்களிடம் அப்படிச் சொல்வது அநீதி. பவுசருக்காக வரிசையில் நின்ற எங்கள் பிள்ளைகளுக்கு நியா ஒரு சகோதரி. அவளைப் பார்த்து இரங்கிவிட்டு நகர்ந்துவிட முடியாது. சுத்தமான குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் 2010 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. நன்றியுள்ளவர்களும் உரிமையைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அப்படியானால் நன்றி என்பது என்ன? அதே நாவலில் சல்வா டூட் என்பவரின் கதையும் வருகிறது. அவர் உண்மை மனிதர். 1985இல், 11 வயதில், யுத்தத்தால் பாடசாலையிலிருந்தே ஓடியவர். எதியோப்பிய, கென்ய முகாம்களில் வளர்ந்து 1996இல் அமெரிக்கா சென்றார். தமக்குக் கிடைத்த வாழ்வை மற்றவர்களோடு பகிர விரும்பி, 2003இல் ஒரு நிறுவனத்தைத் தொடக்கித் தாய்மண்ணில் குழாய்க்கிணறுகள் தோண்டினார். அவர் டிங்கா இனத்தவர். நியா நூயர் இனத்தவள். இரண்டும் நெடுநாள் பகை கொண்ட இனங்கள். நாவலில் நியாவின் ஊருக்கும் அவரே கிணறு தோண்டுகிறார். நாள் முழுவதும் தண்ணீர் சுமந்தவளுக்கு இனிப் பாடசாலை செல்ல வழி பிறக்கிறது.

இன்றிரவு பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். 20 லீற்றர் தண்ணீரின் பாரம் 20 கிலோ. நிறைந்த கலனைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எமது வீட்டில் அதை நாள்தோறும் சுமப்பவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது அம்மாவாக அல்லது அக்காவாக இருக்கும். நாளைக்கு ஒரு நடையைத் தம்பி ஏற்கட்டும். அயலவர் கூடிக் கிணற்றடியைத் துப்புரவாக்கட்டும். கிணறு இல்லாத அயலவருக்கு எமது படலை திறந்திருக்கட்டும்.